நாலு மணித் தலைவலியும் நேற்றைய தூக்கமும்

காலையில் எழும்போது வலி இருக்காது. பதினோரு மணிவாக்கில் பிடரியில் ஒரு கனம் தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது மெல்ல நெற்றிப்பொட்டுக்கு ஏறும். நாலு மணிக்குள் தலையைச் சுற்றித் துண்டை முறுக்கிக் கட்டியதுபோல் ஆகிவிடும். வாந்தி வராது, வேலையும் நிற்காது, ஆனால் எதிலும் மனம் ஒட்டாது. மருத்துவர்கள் இதை டென்ஷன் தலைவலி என்பார்கள். ஆனால் இப்படிப்பட்ட வலிக்கு நம் வீடுகளில் வேறு பெயர்கள் தயாராக இருக்கின்றன: சைனஸ், பித்தம், கண்ணாடி பவர் மாறிவிட்டது, பிரஷர், தலைக்குக் குளித்ததில் நீர் கோத்துக்கொண்டது. நேற்று எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், நடுவில் எத்தனை முறை விழித்தீர்கள் என்று கேட்டால்தான் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள்.

தூக்கம் கெட்டால் தலை வலிக்கும் என்பது பாட்டிக்கும் தெரிந்ததுதான். அதிகம் பேசப்படாத சங்கதி வேறு. அந்த வலியைச் சமாளிக்கப் பகலில் நாம் கையிலெடுக்கும் மூன்று வழிகள், அதாவது மாலைக் காபி, மதியம் நீட்டிப் படுப்பது, பெட்டிக்கடை மாத்திரை, மூன்றுமே அடுத்த இரவின் தூக்கத்தில் கைவைக்கின்றன. ஒரு நாள் வலி வாரக்கணக்கில் இழுப்பதற்குப் பெரும்பாலும் இந்தச் சுற்றுதான் காரணம்.

எந்த வலியைச் சொல்கிறோம்

டென்ஷன் தலைவலிக்கு ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ கிடையாது. குணங்களைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். சர்வதேசத் தலைவலிச் சங்கம் 2018இல் வெளியிட்ட வகைப்பாட்டின் மூன்றாம் பதிப்பு அதற்கு அளவுகோல் தருகிறது. வலி 30 நிமிடத்திலிருந்து 7 நாள் வரை நீடிக்கலாம். நான்கு குணங்களில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும்: இரண்டு பக்கமும் வலிப்பது, துடிக்காமல் அழுத்துவது அல்லது இறுக்குவது, லேசாகவோ நடுத்தரமாகவோ இருப்பது, நடந்தாலும் மாடிப்படி ஏறினாலும் கூடாமல் இருப்பது. வாந்தி இருக்கக் கூடாது. வெளிச்சம், சத்தம் இரண்டில் ஒன்று உறுத்தலாம். இரண்டும் சேர்ந்து உறுத்தி, குமட்டி, இருட்டறையில் போய்ப் படுக்க வேண்டும்போல் இருந்தால் அது மைக்ரேனாக இருக்க வாய்ப்பு அதிகம். தூக்கக் குறைவு மைக்ரேனையும் கிளப்பும். ஆனால் அதன் வைத்தியம் வேறு.

மாதத்தில் எத்தனை நாள் வலிக்கிறது என்பது அடுத்த கேள்வி. மாதத்துக்கு ஒரு நாளுக்கும் குறைவு என்றால் எப்போதாவது வருவது. 1 முதல் 14 நாள் என்றால் அடிக்கடி வருவது. மூன்று மாதத்துக்கு மேலாக மாதம் 15 நாளோ அதற்கு மேலோ வலித்தால் நாள்பட்டது. இந்த எண்ணிக்கையை மனக்கணக்கில் வைக்காதீர்கள். வலிக்காத நாட்கள் நினைவில் தங்குவதில்லை, அதனால் மனக்கணக்கு எப்போதும் தப்பும். காலண்டரில் வலித்த நாளைச் சுழித்துவிடுங்கள், போதும்.

கையால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து வைத்து, சின்ன வட்டமாக உருட்டி அழுத்துங்கள்: நெற்றி, இரு பொட்டுகள், பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கும் தசை, காதுக்குப் பின்னிருந்து கழுத்தில் சரிந்து இறங்கும் தசை, பிடரி, தோள்மேடு. அழுத்தம் ஒரே அளவாக இருக்கட்டும். சில இடங்களில் 'ஸ்ஸ்' என்று முகம் சுளிக்க வைத்தால் அது டென்ஷன் தலைவலிக்கு வலுவான சாட்சி. மருத்துவர்களும் இதே இடங்களைத்தான் அழுத்திப் பார்ப்பார்கள், அல்லது பார்க்க வேண்டும்.

பிடரியில் தொடங்கிய வலி நெற்றியில் ஏன் தெரிகிறது? மேல்கழுத்திலிருந்து வரும் முதல் மூன்று நரம்புகளும், நெற்றி முகம் தாடைக்குப் போகும் டிரைஜெமினல் நரம்பும், தண்டுவடத்தின் மேல்முனையில் ஒரே நரம்புக் கூட்டத்தில் வந்து சேர்கின்றன. எந்த வாசல் வழியாகச் செய்தி வந்தது என்பதை மூளையால் சரியாகப் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

தூங்காதபோது உள்ளே நடப்பது

தசை இறுகுகிறது, அதனால் வலிக்கிறது என்றுதான் வெகுகாலம் நம்பினார்கள். ஆனால் தசையின் மின்னோட்டத்தை அளந்து பார்த்தபோது வலியின் அளவுக்கு ஏற்ற இறுக்கம் தென்படவில்லை. டென்மார்க்கின் குளோஸ்ட்ரப் மருத்துவமனையில் லார்ஸ் பென்ட்சென், ரிக்மோர் ஜென்சென் போன்றவர்கள் செய்த ஆய்வுகள் கவனத்தைத் தசையிலிருந்து நரம்பு மண்டலத்துக்குத் திருப்பின. தலையைச் சுற்றியுள்ள தசைகளிலிருந்து வலிச் செய்தி வந்துகொண்டே இருந்தால், தண்டுவடமும் மூளையும் கூர்மையாகிவிடுகின்றன. சாதாரண அழுத்தம்கூட வலியாகப் பதிவாகிறது. எப்போதாவது வரும் வலி நாள்பட்டதாக மாறுவதை இப்படித்தான் விளக்குகிறார்கள்.

தூக்கம் இங்கேதான் நுழைகிறது. நடுமூளையிலிருந்தும் மூளைத்தண்டிலிருந்தும் தண்டுவடத்துக்கு இறங்கிவரும் நரம்புப் பாதை ஒன்று உண்டு. கீழிருந்து வரும் வலிச் செய்தியில் எதை மேலே விடுவது, எதை அமுக்குவது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. நன்றாகத் தூங்கியவரின் உடலில் இந்த அமுக்கும் வேலை ஒழுங்காக நடக்கும். கழுத்தைச் சாய்த்து இரண்டு மணிநேரம் கணினியைப் பார்த்தாலும் பிடரியில் லேசான அலுப்போடு போய்விடும். தூங்காதவருக்கு அதே இரண்டு மணிநேரம் வலியாக முடியும். 2019இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் மேத்யூ வாக்கரின் குழு ஓர் இரவு முழுக்க விழித்திருந்தவர்களுக்குத் தோலில் சூடு வைத்து மூளையை ஸ்கேன் செய்தது. வலியை உணரும் புறணிப் பகுதி கூடுதலாகக் கொதித்தெழுந்தது, வலியை எடைபோட்டுத் தணிக்க உதவும் உட்பகுதிகள் மந்தமாயின. தாங்கும் அளவும் இறங்கியது.

எத்தனை மணிநேரம் என்பதைவிட எப்படித் தூங்கினோம் என்பது முக்கியம் என்று சொல்லும் ஆய்வு ஒன்று இருக்கிறது. என் பார்வையில் நம் ஊருக்கு மிகவும் பொருந்துவது அதுதான். 2007இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்மித் குழுவினர் ஆரோக்கியமான பெண்களில் ஒரு பிரிவினரை இரவில் திரும்பத் திரும்ப எழுப்பினார்கள். இன்னொரு பிரிவினரைத் தாமதமாகப் படுக்கவைத்து, ஏறத்தாழ அதே அளவு தூக்கத்தைத் துண்டிக்காமல் தூங்கவிட்டார்கள். வலியை அமுக்கும் திறன் கெட்டது எழுப்பப்பட்டவர்களுக்கு. உடம்பில் அங்கங்கே தானாக வலி தோன்றியதும் அவர்களுக்குத்தான். கைக்குழந்தையோடு படுக்கும் தாய், மின்வெட்டில் காத்தாடி நின்றதும் விழித்துக்கொள்பவர், கொசுவலையில் ஓட்டை இருக்கும் வீடு, இரவில் மூன்று முறை சிறுநீருக்கு எழும் சர்க்கரை நோயாளி: இவர்கள் எல்லாம் 'எட்டு மணிநேரம் படுக்கையில் இருந்தேனே' என்பார்கள். படுக்கையில் இருந்த நேரத்தை வைத்து மட்டும் வலியைக் கணிக்க முடியாது.

துண்டுபட்ட ஓர் இரவு உடனே வலியைத் தராமல் போகலாம். 2012இல் திமதி ஹவுல் குழுவினர் நாள்பட்ட தலைவலிக்காரர்களின் தினசரிக் குறிப்புகளை அலசியபோது, அடுத்தடுத்து இரண்டு நாள் தூக்கம் குறைந்தால், அல்லது இரண்டு நாள் மன அழுத்தம் தொடர்ந்தால், வலி வலுவாக வருவதைக் கண்டார்கள். புதன்கிழமை வலிக்குச் செவ்வாயை மட்டும் விசாரித்துவிட்டு 'நேற்று நன்றாகத்தானே தூங்கினேன்' என்று பலர் முடித்துக்கொள்வது இதனால்தான். திங்கள் இரவையும் சேர்த்து விசாரிக்க வேண்டும்.

இன்னொன்று, குறைந்த தூக்கம் பழகிவிட்டது என்று தோன்றுவதை நம்பக் கூடாது. 2003இல் பென்சில்வேனியாவில் ஹான்ஸ் வான் டோங்கனும் டேவிட் டிஞ்சஸும் தினம் 6 மணிநேரம் மட்டும் 14 நாள் தூங்கவைத்தவர்களின் கவனத்திறன், ஒன்றிரண்டு இரவு முழுக்க விழித்தவர்களின் அளவுக்குச் சரிந்தது. ஆனால் அவர்களைக் கேட்டால் கொஞ்சம்தான் தூக்கக் கலக்கம் என்றார்கள். உடல் இழந்ததை உணரும் உணர்வே மழுங்கிவிடுகிறது. 'ஆறு மணிநேரம் எனக்குத் தாராளம்' என்பவர்களில் பலர் இந்த வகை.

நார்வேயின் டிரோன்ட்ஹெய்மிலிருந்து 2014இல் வந்த முடிவு சற்று விநோதமானது. டென்ஷன் தலைவலிக்காரர்களைத் தூக்க ஆய்வுக் கருவியில் படுக்கவைத்தபோது ஆழ்ந்த தூக்கம் மற்றவர்களைவிட அவர்களுக்கு அதிகமாக இருந்தது. ஆனாலும் பகலில் சோர்வும், தூக்கம் போதவில்லை என்ற புகாரும் அவர்களிடமே கூடுதல். தூக்கம் கடனாகியிருந்தால்தான் மூளை கிடைத்த நேரத்தில் ஆழத்தை அள்ளிக்கொள்ளும். இவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் தூக்கம் தேவைப்படலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் ஊகம். அண்ணனுக்கு ஆறு மணிநேரம் போதும் என்பதற்காகத் தம்பிக்கும் போதும் என்று கட்டாயமில்லை.

மாலைக் காபி

விழித்திருக்கும் ஒவ்வொரு மணிநேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது சேரச் சேரத் தூக்கம் அழுத்தும். காபியிலுள்ள கஃபீன் அடினோசின் உட்காரவேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடினோசின் குறையவில்லை, தெரியாமல் மறைக்கப்படுகிறது, அவ்வளவே. தலைவலிக்கும் இதனால் சற்று நிவாரணம் கிடைக்கும். அதனால்தான் நாலு மணி வலிக்குக் கை தானாக டம்ளரைத் தேடுகிறது.

கணக்கு பார்ப்போம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி 150 மில்லி டிகாக்‌ஷன் காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் கஃபீன் இருக்கிறது. இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65, டீயில் 30 முதல் 65. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது அந்த வழிகாட்டி. கஃபீனில் பாதி உடலைவிட்டுப் போக சராசரியாக 5 மணிநேரம் ஆகும். மாலை 5 மணிக்கு 100 மில்லிகிராம் குடித்தவரின் உடலில் இரவு 10 மணிக்கு 50 மீதி, அதிகாலை 3 மணிக்கு 25 மீதி. பத்து மணிக்கு ஒரு டம்ளர் டீ குடித்துவிட்டுப் படுப்பதற்குச் சமம் இது. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு இந்தப் பாதியாகும் நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், கர்ப்பத்தில் இன்னும் நீளும். 'எனக்குக் காபி குடித்தாலும் தூக்கம் வரும்' என்பார்கள். வரும், ஆனால் ஆழமற்றதாக, எளிதில் கலைவதாக வரும். கலைகிற தூக்கம் என்ன செய்யும் என்பதை மேலே பார்த்தோம்.

இதற்குப் பயந்து காபியை ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். தினம் 200 மில்லிகிராமுக்கு மேல் இரண்டு வாரத்துக்கும் அதிகமாகக் குடித்துவந்தவர் நிறுத்தினால் 24 மணிநேரத்துக்குள் தலைவலி வரும், ஒரு வாரம்வரை இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிவரை தூங்கி எழுந்தவுடன் வரும் தலைவலியில் இதுவும் ஒரு பங்கு: ஆறு மணிக் காபி மூன்று மணிநேரம் தள்ளிப்போயிருக்கிறது. குறைப்பவர் முதலில் மாலை டம்ளரைத் தொடட்டும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை டிகாக்‌ஷனைக் கால் பங்கு குறைத்து, பாலைக் கூட்டி, இரண்டு மூன்று வாரத்தில் மாலைக் காபியை இல்லாமலாக்கலாம். காலைக் காபி இருக்கட்டும், நேரம் மாறாமல். கடைசிக் கஃபீன் மதியம் 1 மணியோடு முடிய வேண்டும். டீக்கும் கோலாவுக்கும் இதே விதி.

மதியத் தூக்கம்

வலிக்கும்போது போய்ப் படுப்பது இயல்பு. டென்ஷன் தலைவலிக்காரர்கள் கையாளும் வழிகளில் தூக்கம் முன்னணியில் இருப்பதை ஜேசன் ஓங் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009இல் பதிவு செய்தார். படுத்தால் வலி குறையும், அதில் ஐயமில்லை. அதற்கான விலையை இரவு கேட்கும். சூரிச்சின் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் முன்வைத்த விளக்கப்படி, தூக்கத்துக்கு இரண்டு கயிறுகள்: விழித்திருந்த நேரத்தால் ஏறும் தூக்கப் பசி ஒன்று, உடலின் உள்கடிகாரம் இன்னொன்று. மாலை நாலரைக்குப் படுத்து ஆறரைக்கு எழுந்தால் அந்தப் பசியில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். இரவு பதினொன்றுக்குக் கண் மூடாது. பன்னிரண்டரைவரை போனைத் தேய்த்து, காலை ஆறுக்கு எழுந்து, மறுநாள் மதியம் மீண்டும் பிடரி கனக்கும்.

பகலில் படுத்தே ஆகவேண்டும் என்றால் மதியம் 3 மணிக்கு முன், 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்து. அரைமணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவீர்கள். அங்கிருந்து எழுப்பப்பட்டால் மண்டை முன்பைவிடக் கனக்கும்.

மாத்திரை

வலிமாத்திரை கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எப்போதாவது வரும் வலிக்கு அதுதான் சரியான வழி. அளவில்தான் பலர் தவறுகிறார்கள். பாரசிட்டமால் டென்ஷன் தலைவலிக்கு நன்றாகச் சோதிக்கப்பட்ட அளவு 1000 மில்லிகிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. ஒன்றைப் போட்டுவிட்டுக் கேட்கவில்லை என்று மூன்று மணிநேரத்தில் இன்னொரு பிராண்டைப் போடுவது உதவாது. ஒரு நாளுக்கு எல்லாம் சேர்த்து 4 கிராம் உச்சவரம்பு. குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருப்பவருக்கும் உடல் எடை மிகக் குறைந்தவருக்கும் அதைவிடக் குறைவு. இலங்கையில் பனடோல், இங்கே டோலோ, குரோசின் எல்லாம் உள்ளே அதே பாரசிட்டமால்தான், பெயர் மாறினால் கணக்கு மாறாது. ஐபுபுரூஃபென் என்றால் 400 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தொடக் கூடாது. டெங்குக் காலத்தில் காய்ச்சலோடு வரும் தலைவலிக்கு ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் இரண்டும் ஆகாது. ரத்தக்கசிவு அபாயம் கூடும்.

கடையில் 'தலைவலிக்கு ஒன்று கொடுங்கள்' என்று கேட்டு வாங்கும் மாத்திரைகளில் ஒரு சூட்சுமம் உண்டு. சாரிடானில் பாரசிட்டமால், புரோபிபெனசோன் ஆகியவற்றோடு 50 மில்லிகிராம் கஃபீனும் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு இரண்டு போட்டால் ஒரு டம்ளர் காபிக்குச் சமம். வலி போகும், தூக்கமும் போகும். அட்டையின் பின்புறத்தைத் திருப்பிக் கஃபீன் இருக்கிறதா என்று படிக்கும் பழக்கம் வேண்டும். மாலைக்குப் பிறகு கஃபீன் கலக்காத மாத்திரைதான்.

அடுத்தது எண்ணிக்கை. ஏற்கெனவே தலைவலி உள்ளவர் தனிப் பாரசிட்டமாலோ ஐபுபுரூஃபெனோ மாதம் 15 நாளுக்கு மேல், கலவை மாத்திரைகள் மாதம் 10 நாளுக்கு மேல், மூன்று மாதம் தொடர்ந்து போட்டால், மாத்திரையே தலைவலியைத் தரத் தொடங்கும். அப்போது வலி பெரும்பாலும் காலையிலேயே ஆரம்பிக்கும். இரவில் மருந்தின் அளவு இறங்கிவிடுவது ஒரு காரணம். பாதுகாப்பான எல்லை வாரத்தில் இரண்டு நாள். காலண்டரில் வலித்த நாளைச் சுழிக்கும்போது மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு குறுக்குக்கோடும் போடுங்கள்.

தைலத்தைக் கிண்டல் செய்பவர்களுக்கு ஒரு செய்தி. ஜெர்மனியின் கீல் நகரில் ஹார்ட்முட் கோபல் 1996இல் 10 சதவீதப் புதினா எண்ணெய்க் கரைசலை நெற்றியிலும் பொட்டிலும் பூசிச் சோதித்தார். டென்ஷன் தலைவலியில் அது 1000 மில்லிகிராம் பாரசிட்டமாலுக்கு ஈடாக வேலை செய்தது. நம் தைலங்களில் மெந்தால் இருந்தாலும் கலவை வேறு, ஆகவே முடிவை அப்படியே மாற்றிப்போட முடியாது. ஆனாலும் மாத்திரை எல்லையைத் தொட்டுவிட்ட வாரத்தில் நெற்றியில் கொஞ்சம் தைலமும் பிடரியில் பத்து நிமிட வெந்நீர் ஒத்தடமும் மரியாதையான மாற்று. கண்ணில் படாமல், குழந்தைகளின் முகத்தில் தடவாமல்.

இரவைச் சரிசெய்வது

முதலில் நீங்கள் யார் என்று தெரிய வேண்டும். தூங்க நேரம் ஒதுக்காதவரா, நேரம் இருந்தும் தூக்கம் வராதவரா? இரண்டுக்கும் வைத்தியம் நேரெதிர். இதைப் பிரிக்காமல் எல்லோருக்கும் 'சீக்கிரம் படுங்கள்' என்று சொல்வதுதான் தூக்கம் பற்றிய அறிவுரைகளில் பாதியைக் கெடுக்கிறது.

முதல் வகையினர் தலையணையில் சாய்ந்த ஐந்து நிமிடத்தில் தூங்கிவிடுவார்கள், அலாரம் இல்லாமல் எழ முடியாது, ஞாயிறன்று பத்து மணிவரை கிடப்பார்கள். இவர்களுக்குத் தேவை நேரம் மட்டுமே. பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணிநேரம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015இல் வகுத்த வரையறை. எழும் நேரத்தைத் தொடாமல், படுக்கும் நேரத்தை வாரத்துக்கு 20 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். ஒரேயடியாக ஒன்றரை மணிநேரம் முன்னால் படுத்தால் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க நேரும். ஞாயிறு ஒரு மணிநேரம் கூடுதலாகத் தூங்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இந்த வகையில் அதிகம் சிக்கியிருப்பவர்கள் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கும் வீட்டுப் பெண்கள். நாலரைக்கு எழுந்து டிபனும் மதியச் சாப்பாடும் கட்டி, இரவு பாத்திரம் கழுவி முடிக்கப் பத்தரை. அதன்பிறகு கிடைக்கும் ஒரு மணிநேரப் போன்தான் அந்த நாளில் அவர்களுக்கென்று இருக்கும் நேரம். 'போனைத் தள்ளிவையுங்கள்' என்று அவர்களிடம் சொல்வது நியாயமில்லாத வைத்தியம். காய் நறுக்குவதையும் பாத்திரத்தையும் வீட்டில் வேறு யார் எடுத்துக்கொள்வது என்று பேசி முடிவெடுத்தால்தான் அந்த ஒரு மணிநேரம் ஒன்பதரைக்கு நகரும். தலைவலிச் சீட்டில் கணவரின் பெயரையும் எழுத இடம் இருந்தால் நன்றாக இருக்கும்.

இரண்டாம் வகையினர் பத்து மணிக்கே படுத்துவிடுவார்கள். தூக்கம் பன்னிரண்டுக்கு வரும், மூன்றுக்குக் கலையும். இவர்கள் படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள்: படுத்த நேரம், உத்தேசமாகத் தூங்கிய நேரம், விழித்த தடவைகள், எழுந்த நேரம். பத்திலிருந்து ஆறுவரை 8 மணிநேரம் கிடந்து ஐந்தரை மணிநேரம் தூங்கியவரின் தூக்கத் திறன் 69 சதவீதம். 85ஐத் தொட வேண்டும். தூக்கமின்மைக்கான நடத்தை சிகிச்சையில் ஆர்தர் ஸ்பீல்மன் வகுத்த முறை, தூங்கிய நேரத்துக்கு இணையாகப் படுக்கை நேரத்தை ஒரே நாளில் வெட்டிவிடும். தலைவலிக்காரருக்கு அது முரட்டு வைத்தியம், முதல் இரண்டு வாரத்தில் வலி கூடிவிடும், பாதியில் கைவிட்டுவிடுவார்கள். படிப்படியாகக் குறைப்பது மேல். எழும் நேரம் ஆறு என்று கட்டிப்போட்டு, முதல் வாரம் 11 மணிக்கு, அடுத்த வாரம் 11.30க்குப் படுங்கள். ஆறரை மணிநேரத்தில் ஐந்தரை தூங்கினால் 85 வந்துவிடும். பிறகு வாரத்துக்கு 15 நிமிடம் கூட்டிக்கொண்டே போகலாம். வலிப்பு நோய், பைபோலார் கோளாறு உள்ளவர்களும் வண்டி ஓட்டும் தொழிலில் இருப்பவர்களும் மருத்துவர் துணையில்லாமல் இதைச் செய்யக் கூடாது.

படுத்து ஏறத்தாழ 20 நிமிடத்தில் தூக்கம் வரவில்லையா, எழுந்து அடுத்த அறைக்குப் போய் மங்கலான வெளிச்சத்தில் சலிப்பான ஏதாவது செய்யுங்கள். கண் சொருகும்போது திரும்புங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம், உத்தேசம் போதும். படுக்கையில் விழித்துக் கிடக்கும் பழக்கத்தை முறிக்க ரிச்சர்ட் பூட்சின் 1972இல் சொன்ன இந்த எளிய விதிக்கு இன்றும் மாற்று வரவில்லை.

அறையைப் பொறுத்தவரை நம் ஊரில் இருட்டைவிடக் கொசுவும் வெக்கையுமே எதிரி. ஆயிரக்கணக்கில் மெத்தை வாங்குவதற்கு முன் ஓட்டையில்லாத வலையும், மின்வெட்டில் காத்தாடி நிற்காமலிருக்க ஒரு சின்ன இன்வெர்ட்டரும் வாங்குங்கள். தலையணை, மல்லாந்து படுத்தால் முகவாய் மார்பை நோக்கி மடங்காத உயரம் போதும். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளி அளவு.

பழைய மகாபலிபுரம் சாலையில் இரவு ஷிப்ட் முடித்து நாலு மணிக்குக் கேபில் திரும்புகிறவருக்கு மேலே சொன்னவற்றில் பாதி பொருந்தாது. அவர் செய்யக்கூடியது: காபியை ஷிப்டின் முதல் பாதியோடு நிறுத்துவது, விடிந்துவிட்டால் வீடு சேரும்வரை கறுப்புக் கண்ணாடி அணிவது, ஜன்னலுக்கு ஒளி புகாத திரை, விடுமுறை நாளிலும் ஷிப்ட் நாள் தூக்கத்தில் குறைந்தது நாலு மணிநேரம் ஒத்துப்போகும்படி படுப்பது. சனி இரவு பத்துக்கும் திங்கள் காலை ஐந்துக்குமாகத் தாவினால் வாராவாரம் வெளிநாட்டுக்குப் பறந்துவருபவரின் உடம்பாகிவிடும்.

இது வேறு வலியாக இருந்தால்

தினமும் எழும்போதே இரண்டு பக்கமும் அழுத்தும் வலி, நாலு மணிநேரத்துக்குள் தானாகப் போய்விடுகிறது, கூடவே பலத்த குறட்டை, வாய் வறட்சி, பகலில் சொக்கல் என்றால் தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறதா என்று சோதிக்க வேண்டும். பக்கத்தில் படுப்பவரைக் கேளுங்கள், மூச்சு நின்று திணறுவதை அவர்தான் பார்த்திருப்பார். இதற்கு மாத்திரை வேலைக்காகாது. காலையில் பொட்டும் தாடையும் வலித்தால் இரவில் பல் கடிப்பதாக இருக்கலாம், பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஐம்பதைத் தாண்டியவரை இரவில் தலைவலியே எழுப்புகிறது என்றால் அது தனி வகை, நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டியது. பிரஷர் 150 இருப்பதால் தலை வலிக்கிறது என்பதும் பெரும்பாலும் தவறு. முதலில் சொன்ன தலைவலி வகைப்பாட்டின்படி பிரஷர் 180/120ஐத் தொடும்போதுதான் அது தலைவலிக்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

நொடிப்பொழுதில் உச்சத்தைத் தொட்ட வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை இரண்டாகத் தெரிவது, தலையில் அடிபட்ட பிறகு கூடிக்கொண்டே போகும் வலி, ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கிய வலி, கர்ப்பத்தில் புதிதாக வரும் கடும் வலி: இவற்றில் எதற்கும் தூக்க நோட்டு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

எழும் நேரம், காபி, மாத்திரை மூன்றையும் எட்டு வாரம் ஒழுங்காக வைத்தும் மாதம் பதினைந்து நாள் வலிக்கிறவருக்கு மருத்துவர் அமிட்ரிப்டைலின் எழுதித் தரலாம். ஜேம்ஸ் லான்ஸ் 1964இல் சிட்னியில் சோதித்துப் பார்த்த பழைய மருந்து. மனச்சோர்வுக்குத் தரும் மருந்து எனக்கெதற்கு என்று அட்டையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. தலைவலிக்குத் தரும் அளவு அதைவிட மிகக் குறைவு: 10 மில்லிகிராமில் தொடங்கி, வாரங்கள் போகப் போகத் தேவைக்கேற்ப 30 முதல் 75 வரை. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணிநேரம் முன்பு போட வேண்டும். படுக்கையில் ஏறும்போது போட்டால் மறுநாள் காலை பத்துவரை மயக்கம் தெளியாது. வாய் வறளும், சிலருக்கு எடை கூடும். கண் அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு, சிறுநீர் அடைப்பு இருப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பலன் தெரிய மூன்று நாலு வாரம் ஆகும். ஆறு மாதம் கழித்து மெல்லக் குறைத்துப் பார்ப்பார்கள். அதுவரை காலண்டரில் சுழிப்பதை நிறுத்த வேண்டாம். அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை மருத்துவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.